பழைய ஹைலக்ஸின் பின் டிஃபரன்ஷியலைப் புதுப்பித்தல்: எதை மாற்றுவது, எதை இருந்த இடத்திலேயே வைப்பது

உங்கள் கேள்வியின் சாரம் இது: 1992ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, நான்கு சில்லு இயக்கம் கொண்ட டபுள் கேப். மணிக்கு 60 கிலோமீட்டரை நெருங்கும்போது பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போன்ற ஒலி எழுகிறது; அக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை நீடிக்கிறது, காலை எடுத்ததும் அடங்குகிறது. வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் ‘டக்’ என்று ஓர் அடி கேட்கிறது. பினியன் சீல் ஓரத்தில் ஒயில் கசிகிறது. கராஜில் முழு டிஃபரன்ஷியலையும், அதாவது என்ஜினின் சுழற்சியைப் பின் சில்லுகள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதியையும், கழற்றி எறிந்துவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த ஜப்பான் டிஃபரன்ஷியலை வாங்கிப் பூட்டச் சொல்கிறார்கள். இருப்பதையே திருத்தலாமா, திருத்துவதென்றால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருத்தலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்த நாட்டில், முப்பது வயதைத் தாண்டிய ஹைலக்ஸைப் பேணுவது வெறும் பற்றினால் செய்யும் வேலை அல்ல. அது கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. ஆனால் எதைத் திருத்துகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். டிஃபரன்ஷியலைப் புதுப்பிப்பது என்றால் தேய்ந்த பாகங்களை எடுத்துப் புதியவற்றைப் போடுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி, கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் ஒன்றையொன்று எந்த இடத்தில் சந்திக்க வேண்டுமோ அந்த இடத்துக்கு அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து, அங்கிருந்து அசையாதபடி நிறுத்துவதுதான். பேரிங், சீல், ஷிம் எனப்படும் இடைத் தகடு, கிரஷ் ஸ்லீவ் எனப்படும் நசுங்கும் குழல் எல்லாம் அந்த இடத்தைக் காப்பதற்காக இருப்பவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் ஒவ்வொரு முடிவையும் எளிதில் எடுக்கலாம்.

முதலில், ஒலி டிஃபரன்ஷியலில் இருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். டயர் ஒலி சாலையின் மேற்பரப்பு மாறினால் மாறும். கியர் ஒலி மாறாது. சில்லு பேரிங்கின் இரைச்சல், வண்டியை இடமும் வலமுமாக வளைக்கும்போது எடை ஒரு பக்கம் சாய்வதால் கூடிக் குறையும்; அக்சிலரேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் அது அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. கியர்ப் பற்களின் ஒலிக்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் வண்டியில் 205ஆர்16 டயரும் 41க்குப் 10 என்ற பல் விகிதமும், அதாவது 4.10, இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின் சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 440 தடவை சுழலும். பினியன் 1,800 தடவை சுழலும். பற்கள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 300 தடவை ஒன்றையொன்று சந்திக்கும். ஊளை போன்று ஒரே சுருதியில் நின்று, வேகம் கூடக்கூடச் சுருதியும் ஏறும் ஒலி இந்தச் சந்திப்பிலிருந்து பிறக்கிறது. சுருதியில்லாமல் கரகரவென்று இருந்தால் அது பேரிங். அந்தக் கரகரப்பு வேகமான துடிப்பாக இருந்தால் பினியன் பேரிங். அதன் நான்கிலொரு பங்கு வேகத்தில் மெதுவாக உருளும் முழக்கமாக இருந்தால் கிரவுன் வீலைத் தாங்கும் சைட் பேரிங் அல்லது சில்லு பேரிங்.

மிதித்தால் எழுந்து விட்டால் அடங்குவதற்கும் காரணம் உண்டு. இழுவையின்போது பினியன் கிரவுன் வீலிலிருந்து விலகி, வண்டியின் முன்பக்கம் நோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது பினியன் தலைக்கு அருகிலுள்ள பெரிய பேரிங். காலை எடுத்ததும் விசை திசை மாறி, ஃபிளேஞ்சுக்கு (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டும் தட்டுக்கு) அருகிலுள்ள சிறிய பேரிங்குக்குப் போகிறது. ஆகவே மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால், பற்களின் இழுவை முகத்தையும் பெரிய பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால், சிறிய பேரிங்கையும் தளர்ந்த பினியன் நட்டையும் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது முதல் வகை.

‘டக்’ அடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒலியைக் கேட்டதும் கிரவுன் பினியன் போய்விட்டது என்று முடிவுகட்டும் வழக்கம் எங்கும் இருக்கிறது. இந்த டிஃபரன்ஷியலின் கிரவுன் வீல் 8 அங்குல விட்டம் கொண்டது, அதாவது ஆரம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். பேக்லாஷ் எனப்படும் பல்லிடைத் தளர்வு 0.18 மில்லிமீட்டர் இருந்தால், பினியன் ஃபிளேஞ்சைக் கையால் திருப்பும்போது அரைப் பாகைக்கும் குறைவான ஆட்டமே தெரியும். பேக்லாஷ் இரண்டு மடங்கானாலும் ஒரு பாகையைத் தொடாது. எனவே ஃபிளேஞ்ச் பல பாகைகள் வெறுமனே திரும்பிவிட்டுப் பிறகு பற்றினால், அந்தத் தளர்வு வேறு இடங்களில் சேர்ந்தது: டிஃபரன்ஷியலின் நடுவிலுள்ள சிறு ஸ்பைடர் கியர்களுக்குப் பின்னாலுள்ள தேய்ந்த வாஷர்கள், அவற்றைத் தாங்கும் ஸ்பைடர் ஷாஃப்ட், ஆக்ஸில் ஷாஃப்டின் ஸ்ப்ளைன்கள் எனப்படும் நீளவாக்குப் பற்கள். ஃபிளேஞ்ச் அசையாமல் இருக்க, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டும் ஆடினால் குற்றவாளி யுனிவர்சல் ஜாயின்ட். சரிந்துவிடாத சமதரையில், சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துக்கொண்டு ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்த்தாலே இதைக் கண்டுகொள்ளலாம்.

இனிக் கழற்றும் வேலை. இந்த ஹைலக்ஸின் பின் ஆக்ஸில் இதற்கு வசதியான அமைப்புடையது. டிஃபரன்ஷியல் முழுவதும் ஒரே கூடாக முன்பக்கமாக வெளியே வந்துவிடும். பல அமெரிக்க பிக்அப்களில் செய்வதுபோல் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அளவெடுக்க வேண்டியதில்லை. எல்லா அளவுகளையும் மேசைமேல் வைத்தே எடுக்கலாம். முதலில் வடிகால் பிளக்கைத் திறந்து ஒயிலை ஒரு சுத்தமான தட்டத்தில் ஏந்துங்கள். அந்த ஒயிலை அவசரத்தில் கொட்டிவிடாதீர்கள். விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவுபோல் மென்மையாக இருக்கும் சாம்பல் நிறப் பொடி, நீண்ட கால ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். பளபளக்கும் செதில்கள் பேரிங்கின் ஓட்டப் பாதையோ பல்லின் மேற்பரப்போ உரிவதைக் காட்டும். செம்பு நிறத் துகள்கள் வந்தால் வாஷர்களைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வயல் வரம்பு தாண்டியும் களப்பு ஓரங்களில் இறங்கியும் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்: ஓடிச் சூடேறிய ஆக்ஸில் கூடு தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது; பிரீதர் எனப்படும் காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், அந்த உறிஞ்சல் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது.

பின்னர் பிரேக் டிரம்மைக் கழற்றி, பிரேக் குழாயையும் ஹாண்ட்பிரேக் கேபிளையும் விடுவித்து, பின்தட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளைக் கழற்றினால், ஆக்ஸில் ஷாஃப்ட் தன் பேரிங்கோடும் பின்தட்டோடும் வெளியே வரும். முழுவதும் உருவ வேண்டியதில்லை. ஸ்ப்ளைன் விடுபடும் அளவுக்கு இழுத்தால் போதும். ஆனால் உள் சீலை மாற்றத்தான் போகிறீர்கள் என்பதால், இழுக்கும்போதே முழுவதும் இழுத்துவிடுவது நல்லது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். டிஃபரன்ஷியல் கூடு முப்பது கிலோவுக்கு மேல் எடை கொண்டது; அடியில் ஜாக் கொடுத்து இறக்க வேண்டும், நெஞ்சில் தாங்கி அல்ல.

கூடு மேசைக்கு வந்ததும் கை நட்டைத் தேடும். அதைத் தடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன் எடுக்கும் அளவுகள்தான் இந்த வேலையின் அத்திவாரம். ஒருமுறை கழற்றிவிட்டால் அவற்றை எவராலும் மீட்க முடியாது. டயல் கேஜை கிரவுன் வீல் பல்லின் வெளி விளிம்புக்குச் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, வட்டத்தைச் சுற்றி நான்கு இடங்களிலாவது பேக்லாஷை அளந்து எழுதுங்கள். நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று பெரிதாக மாறினால் கிரவுன் வீல் கோணலாக ஓடுகிறது. அதன் பின்முகத்தில் கேஜை வைத்துச் சுழற்றி அதையும் உறுதிசெய்யலாம். ஃபிளேஞ்சை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அங்கே உணரக்கூடிய ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங்கின் முன்னழுத்தம், கராஜில் ப்ரீலோட் என்று சொல்வது, முழுவதும் போய்விட்டது. உங்கள் ஒயில் கசிவுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் ஆடுகிற ஃபிளேஞ்சில் எந்தப் புதிய சீலும் நிலைக்காது. சைட் பேரிங்குகளையும் நெம்பிப் பார்த்து ஆட்டம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, பற்களைத் துடைத்து, சில பற்களில் தொடும் இடத்தைக் காட்டும் நீலப் பசையை (புளூ) அல்லது செவ்வீயப் பசையைப் பூசிச் சுழற்றி, பற்கள் இப்போது எங்கே தொடுகின்றன என்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது பற்களைப் படிக்கலாம். கிரவுன் வீல் பல்லின் குவிந்த முகம் இழுவைக்கு உரியது, குழிந்த முகம் வண்டி தானாக உருளும்போது வேலை செய்வது. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். மங்கலான, சீரான, மினுக்கம் பெற்ற பட்டை ஒன்று தெரிந்தால் அது நல்ல குறி. நகத்தால் கீறும்போது நகம் மாட்டும் குழிகள், பல் நுனியில் கூரிய விளிம்பு, ஒயில் இல்லாமல் ஓடியதைக் காட்டும் நீலம் அல்லது வைக்கோல் நிறம், சறுக்கல் திசையில் இழுபட்ட வரிகள் ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தச் சோடி முடிந்துவிட்டது. ஹைப்பாய்ட் கியரில் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்பதால், பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. அதனால்தான் ஒயில் குறைந்தாலோ பொருத்தமற்ற ஒயில் ஊற்றப்பட்டாலோ இங்கே சேதம் இவ்வளவு விரைவாக வருகிறது.

பற்கள் நன்றாக இருந்தால், அவற்றை மாற்றாதீர்கள். அவற்றின் இடத்தையும் மாற்றாதீர்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய கிரவுன் வீலும் பினியனும், நெடுநாள் சேர்ந்து அரைத்த அம்மியும் குழவியும்போல, ஒன்றின் வளைவுக்கு மற்றொன்று தேய்ந்து பொருந்தியவை. டொயோட்டாவின் கையேடு இந்த 8 அங்குல டிஃபரன்ஷியலுக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் வரை பேக்லாஷ் கொடுக்கிறது. பழைய சோடியில் 0.25 இருந்ததென்றால், அதை அந்த எல்லைக்குள் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்று பலர் கிரவுன் வீலை நெருக்குகிறார்கள். தேயாத உலோகம் தேய்ந்த உலோகத்தைப் புதிய கோணத்தில் சந்திக்கிறது, முன்பில்லாத ஊளை பிறக்கிறது, பிறகு வாங்கிய பேரிங் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள். சைட் பேரிங்கில் ஆட்டம் இல்லாத நிலையில் அந்த 0.25 கிடைத்திருந்தால், அது பற்கள் தமக்கென்று ஏற்படுத்திக்கொண்ட இடைவெளி. அதே அளவுக்குத் திரும்ப வையுங்கள். சைட் பேரிங் தளர்ந்திருந்து கிடைத்த அளவென்றால் அதை நம்ப முடியாது; அப்போது பழைய தொடுதடத்தின் படம்தான் வழிகாட்டி. பற்கள் கெட்டிருந்தால், கிரவுன் வீலையும் பினியனையும் சோடியாகவே வாங்க வேண்டும். தொழிற்சாலையில் அவை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றைப் பழையதாகவும் போடுவதைப்போல் பணத்தை வீணாக்கும் வழி வேறில்லை.

பாகங்கள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நான்கு சிலிண்டர் வண்டிகளில் வந்த 8 அங்குல டிஃபரன்ஷியலுக்கும், வி6 மற்றும் டர்போ என்ஜின்களோடு வந்ததற்கும் சைட் பேரிங் அளவு வேறு. கழற்றிய பேரிங்கின் இலக்கத்தைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். பல்லை எண்ணி விகிதத்தை உறுதிசெய்யுங்கள்: 41க்கு 10 என்றால் 4.10, 41க்கு 9 என்றால் 4.556, 39க்கு 8 என்றால் 4.875. உங்களுடையது நான்கு சில்லு இயக்கம் என்பதால், முன் ஆக்ஸிலின் விகிதமும் பின் ஆக்ஸிலின் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர்வீலில் போட்ட கணத்திலிருந்து டயரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கும். பேரிங்கில் மலிவு பார்க்க வேண்டாம். கோயோ, என்எஸ்கே, என்டிஎன், டிம்கன் போன்ற பெயர்களில் போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுவதால், பெட்டியை விடப் பேரிங்கின் உடலில் பொறித்திருக்கும் எழுத்தின் தரத்தைப் பாருங்கள். பஞ்சிகாவத்தைத் தீர்வை நான் முற்றாக மறுக்கவில்லை. பற்கள் கெட்டிருந்து, அசல் சோடி கட்டுப்படியாகாத விலை சொன்னால், நல்ல பாவித்த கூடு நியாயமான வழிதான். ஆனால் அதை வாங்குமுன் இங்கே சொன்ன அதே சோதனைகளைக் கடையிலேயே செய்யுங்கள். வாங்கிய பிறகும் சீல்களையாவது மாற்றாமல் பூட்டாதீர்கள்.

கழற்றும்போது சைட் பேரிங் மூடிகள் இரண்டிலும், அவை உட்காரும் இடத்திலும், பஞ்சால் குறியிடுங்கள்; மூடியைப் பூட்டிய நிலையிலேயே துளை கடையப்படுவதால், இடதை வலதில் போட்டால் பேரிங் ஒருபோதும் நேராக உட்காராது. இரு பக்க அட்ஜஸ்டர் நட்டுகளின் நிலையையும் குறியுங்கள். ஸ்பைடர் ஷாஃப்டை எடுத்து, கியர் ஓடிய இடத்தில் விரலுக்குப் படி தட்டினால் அதை மாற்றுங்கள். சைட் கியரின் தளர்வு 0.05 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வரும்படி வாஷர்களைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ‘டக்’ அடியில் பாதியாவது இங்கேயே தீர்ந்துவிடும்.

பினியன்தான் பொறுமையைக் கேட்கும் இடம். தலைக்கும் பெரிய பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஷிம் இருக்கும். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பேரிங்கை அழுத்திக் கழற்றும்போது ஷிம் நசுங்காமல் பார்த்து, மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து எழுதுங்கள். பழைய சோடியையே திரும்பப் போடுவதென்றால் அதே தடிப்புதான் தொடக்கம். ஆயினும் பழைய பேரிங்கின் மொத்த உயரத்தையும் புதியதன் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் மாறும்போது ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு வேறுபடுவதுண்டு, அந்த வேறுபாட்டை ஷிம்மில் ஈடுசெய்ய வேண்டும். வெளி வளையங்களைத் தட்டி இறக்கியபின், அவை தோளில் முழுவதுமாக உட்கார்ந்தனவா என்று பீலர் கேஜால் பாருங்கள். புதிய சோடி போடுகிறவர்கள் ஷிம்மைச் சில தடவை மாற்றிப் பார்க்க நேரிடும். ஒவ்வொரு தடவையும் பேரிங்கை அழுத்தி ஏற்றி இறக்கினால் அது கெட்டுவிடும் என்பதால், அதே இலக்கமுள்ள ஒரு பேரிங்கின் உள்துளையைச் சற்றே பெரிதாக்கி, கையால் வழுக்கி ஏறி இறங்கும்படி செய்து, சோதனைக்கு அதைப் பயன்படுத்துவது நல்ல வழக்கம்.

ஆழம் உறுதியானபின் கிரஷ் ஸ்லீவ். இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவே நிற்கும் இந்த மெல்லிய எஃகுக் குழல், நட்டை இறுக்கும்போது நசுங்கி, பேரிங்குகள் எந்த அளவு நெருக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. ஒருமுறை நசுங்கியது மீளாது. ஆகவே ஸ்லீவும் பினியன் நட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். ஃபிளேஞ்சை நீண்ட இரும்புப் பட்டையால் பிடித்துக்கொண்டு, நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரால் இறுக்குங்கள். நசுங்கத் தொடங்கும்வரை மலைபோல் எதிர்க்கும். தொடங்கிய பிறகு நட்டின் சிறு நகர்வுக்கே முன்னழுத்தம் விறுவிறுவென்று ஏறிவிடும். எனவே நட்டைக் கொஞ்சம் நகர்த்துவது, பினியனைச் சில சுற்று சுழற்றிப் பேரிங்கை அமர்த்துவது, அளப்பது என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் இம்பாக்ட் கன் பயன்படுத்துவதை நான் அறவே ஏற்பதில்லை.

அளக்க வேண்டியது நட்டை இறுக்கிய விசை அல்ல, பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசை. இந்த வகைப் புதிய பேரிங்குகளுக்கு அது பொதுவாக 1 முதல் 2.5 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் மாதிரிக்கான துல்லியமான எல்லையைக் கையேட்டில் பார்த்து அதற்குள் நில்லுங்கள். ஏற்கெனவே ஓடிய பேரிங்குக்கு அதில் ஏறத்தாழ பாதிதான். சிறிய டயல் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், ஃபிளேஞ்சில் நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் சீராக இழுத்துப் பாருங்கள். சுற்றிய இடத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால், 3 கிலோ காட்டும் இழுவை ஏறத்தாழ 1.5 நியூட்டன் மீட்டர். எல்லையைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி அளவைக் குறைத்துக்கொள்ள முடியாது. தளர்த்திய ஸ்லீவ் எதையும் தாங்கிப் பிடிப்பதில்லை. புதிய ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இரண்டு ஸ்லீவ் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். சீல் மட்டும் மாற்ற வரும் வண்டிகளில் நட்டைக் கண்மூடித்தனமாக இறுக்கிவிடுவதால் எரிந்துபோன பினியன் பேரிங்குகள் எத்தனையோ.

கிரவுன் வீலை, அதைத் தாங்கிச் சுழலும் கேரியரில் ஏற்றும்போது, அதைக் கொதிநீரில் 100 பாகை வரை சூடாக்கி எடுத்தால் அடிக்காமலே இறங்கி அமரும். சேரும் முகங்கள் இரண்டிலும் ஒரு மணல் துகள்கூட இருக்கக் கூடாது. ஆறியபின் போல்ட்களைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக 97 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பூட்டுத் தகடுகளை மடியுங்கள். கேரியரைக் கூட்டில் வைத்து, மூடிகளைத் தளர்வாகப் பூட்டி, இரு அட்ஜஸ்டர்களாலும் நகர்த்துங்கள்: ஒரு பக்கத்தை எத்தனை பள்ளம் தளர்த்துகிறீர்களோ அத்தனை பள்ளம் மறுபக்கத்தை இறுக்கினால், முன்னழுத்தம் மாறாமல் பேக்லாஷ் மட்டும் மாறும். கடைசியில் மூடிகளை 78 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பினியனை மீண்டும் சுழற்றிப் பாருங்கள். பினியன் தனியாக இருந்தபோது கிடைத்த அளவை விட 0.4 முதல் 0.6 நியூட்டன் மீட்டர் கூடியிருந்தால் சைட் பேரிங்குகளின் நெருக்கம் சரி.

பிறகு தொடுதடம். கிரவுன் வீலில் மூன்று வெவ்வேறு இடங்களில், இடத்துக்கு மூன்று நான்கு பற்களாகப் பசை பூசி, கிரவுன் வீலை மரக்கட்டையால் அழுத்தி எதிர்ப்புக் கொடுத்துக்கொண்டே பினியனை இரு திசையிலும் சுழற்றுங்கள். எதிர்ப்பில்லாமல் சுழற்றிப் பெறும் தடம் எதையும் சொல்லாது. இழுவை முகத்தில் தடம் பல்லின் உயரத்துக்கு நடுவே, நீளத்திலும் ஏறக்குறைய நடுவில் விழ வேண்டும். பல்லின் நுனியோரமாகவோ வெளி முனையிலோ விழுந்தால் பினியன் இன்னும் உள்ளே வர வேண்டும், அதாவது தடித்த ஷிம். பல்லின் அடியிலோ உள் முனையிலோ விழுந்தால் பினியன் விலக வேண்டும், அதாவது மெல்லிய ஷிம். ஷிம் மாறியதும் பேக்லாஷும் மாறியிருக்கும் என்பதால் அதைத் திரும்பவும் சரிசெய்துவிட்டே அடுத்த தடத்தைப் பார்க்க வேண்டும். பழைய சோடியானால் நீங்கள் முதலில் எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். கையேட்டிலுள்ள படத்தைவிட அது மேலான சாட்சி.

கூட்டைத் திரும்ப ஏற்றுமுன் ஆக்ஸில் உறையின் இரு குழல்களையும் டீசலால் கழுவி, கம்பியில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள். பழைய பேரிங்கின் செதில்கள் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். புதிய பேரிங்கை முதல் நாளிலேயே கெடுப்பவை அவை. பிரீதரில் ஊதிப் பார்த்து அடைப்பை நீக்குங்கள்; தண்ணீரில் இறங்கும் வண்டியானால் ஒரு ரப்பர் குழாய் பூட்டி, அதன் வாயைச் சேசிக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுவது நல்லது. பினியன் சீல் ஓடிய இடத்தில் ஃபிளேஞ்சில் பள்ளம் விழுந்திருந்தால் ஃபிளேஞ்சையும் மாற்றுங்கள். ஆக்ஸில் சீல்களில் கசிந்த ஒயில் பிரேக் ஷூக்களில் ஊறியிருந்தால், பெட்ரோலால் கழுவிப் போடும் எண்ணத்தை விட்டு, புதிய ஷூக்களைப் போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பிரேக் குழாயைக் கழற்றியதால் காற்றை வெளியேற்ற மறக்க வேண்டாம். ஒயில் ஜிஎல்-5 தரத்தில் எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90, ஏறத்தாழ 2.2 லீட்டர் பிடிக்கும். சமதரையில் நிறுத்தி, மேல் பிளக் துளையின் விளிம்பைத் தொடும்வரை ஊற்றுங்கள். கியர் பெட்டிக்கு வாங்கி மீந்த ஜிஎல்-4 ஒயிலை இங்கே ஊற்றக் கூடாது; ஹைப்பாய்ட் பற்களின் சறுக்கலைத் தாங்கும் சேர்மானம் அதில் போதாது.

பழைய சோடியில் பேரிங் மட்டும் மாற்றியிருந்தால் அதிகப் பழக்கம் தேவையில்லை. புதிய சோடியானால், முதல் ஓட்டத்தைப் பதினைந்து இருபது நிமிடத்தில் நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, அப்படியே சில தடவை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமலும் எதையும் கட்டி இழுக்காமலும் ஓட்டி, அதன் முடிவில் ஒயிலை மாற்றுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் டிஃபரன்ஷியல் கூட்டின் மூக்கை, பினியன் பேரிங் இருக்கும் பகுதியை, கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பும் நல்ல சூடும் இயல்பானவை. கை வைத்த மறுகணமே எடுக்க வேண்டியிருந்தால் முன்னழுத்தம் கூடிவிட்டது. அப்படியே ஓட்டிப் பார்ப்போம் என்று விடாமல், கூட்டைத் திரும்ப இறக்கிப் புதிய ஸ்லீவ் போட வேண்டும்.